கடைக்காரனுக்கு மில்லிமீற்றர், அரசாங்கங்களுக்கு வருடக்கணக்கா? ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் ஆணையாளர்களுக்கும், அமைச்சர்கள் மன்றத்தில் அமர்ந்திருக்கும் 27 நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

ஜேர்மனி தன் எல்லைச் சோதனையை இன்னொரு தவணைக்கு நீட்டியதையும், நீங்கள் கவனித்து வருகிறோம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டதையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நீட்டியது நீங்கள் இல்லை, தெரியும். ஆனால் ஒரு உறுப்பு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்து, நிற்கவில்லை என்றால் லக்சம்பேர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போவது உங்கள் வேலை. ஒப்பந்தங்களின் காவலர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தக் காவல் எல்லார் மீதும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நான் ஜேர்மனியின் சார்லாந்து மாநிலத்தில், சார்புரூக்கனில் தமிழ்க் கடை வைத்திருப்பவன். அரிசி, மா, மிளகாய்த்தூள், கருவாடு, வெள்ளிக்கிழமை என்றால் பச்சை மரக்கறி. நகரத்தின் விளிம்பிலேயே பிரான்ஸ் தொடங்கிவிடும்; எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபோர்பாக்கில் இருக்கும் எங்கட ஆட்களும் சாமான் வாங்க இங்கேதான் வருகிறார்கள். மரக்கறி எங்களுக்குப் பாரிஸ் வழியாக வருகிறது. கொழும்பில் இருந்தும் சென்னையில் இருந்தும் ஷார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கி, அங்கே பரிசோதனை முடிந்து, பாரிஸின் தமிழ்க் கடைப் பகுதியான லா சப்பல் பக்கத்து மொத்த வியாபாரிகள் கைக்கு வந்து, பிறகு எங்கள் வானில் இரவோடு இரவாக மெட்ஸ் தாண்டி கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் ஓடி வருகிறது. பாரிஸில் ஒருமுறை உள்ளே விட்ட சரக்கு 27 நாட்டுக்குள்ளும் விட்ட சரக்குத்தான். 1993 ஜனவரி 1இல் தொடங்கிய ஒற்றைச் சந்தை என்பதே அதுதான். அதை நம்பித்தான் நான் கடை போட்டேன், இன்னும் நம்புகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் சட்டம் என்னிடம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உணவுப் பொட்டலத்தில் இருக்கும் எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அதுவும் எந்த எழுத்து என்றால் ஆங்கிலத்தின் சிறிய எக்ஸ் எழுத்து. 1169/2011ஆம் இலக்க விதியில் படம் போட்டே காட்டியிருக்கிறீர்கள். பொட்டலம் மிகச் சிறியது என்றால் 0.9 மில்லிமீற்றர். ஒவ்வாமை தரும் பொருட்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்டவேண்டும். ஒரு நாள் எங்கள் பகுதி உணவுப் பரிசோதகர் கடைக்கு வந்து, கீழ்த்தட்டில் இருந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தை எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பையில் இருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து ஸ்டிக்கரில் வைத்து அளந்தார். மொத்த வியாபாரி அடித்து அனுப்பிய ஸ்டிக்கர் அது. எழுத்து சிறிது, எள் என்ற சொல் மற்றச் சொற்களோடு சொல்லாகக் கிடந்தது. அன்று மாலையே அந்தத் தட்டு முழுவதையும் இறக்கிவைத்து, நானும் மனைவியும் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். இதில் எனக்குக் குறையே இல்லை. எள் ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். பரிசோதகர் செய்தது சரி, விதியும் சரி.

மரக்கறியும் அப்படித்தான். இலங்கையில் இருந்து வரும் வல்லாரை, பொன்னாங்காணி, இந்தியாவில் இருந்து வரும் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வெண்டிக்காய், இவை எல்லாம் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைக்கு உட்படும் பொருட்களாக 2019/1793ஆம் இலக்க விதியின் பட்டியலுக்குள் வந்தவை. விமான நிலையத்தில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வரும்வரை சரக்கு குளிரறையில் கிடக்கும், செலவு இறக்குமதியாளர் தலையில். அதனால்தான் வல்லாரை இங்கே தங்க விலை. அதற்கும் நான் முறையிடவில்லை, சாப்பிடுவது நாங்களும் எங்கள் பிள்ளைகளும்தானே. அப்புறம் பொதியிடல் சட்டம். பிரான்ஸில் வாங்கிய பொட்டலத்தை ஜேர்மனிக்குள் கொண்டுவந்தால் இங்கே அதை முதலில் விற்பனைக்கு விடுபவன் நான், ஆகவே ஒஸ்னாபுரூக்கில் இருக்கும் பதிவகத்தில் பெயர் பதிந்து, குப்பை சேகரிக்கும் திட்டத்துக்குக் காசு கட்டவேண்டும். அதே பிளாஸ்டிக் பைக்குப் பாரிஸ் வியாபாரி ஏற்கனவே அங்கே கட்டியிருப்பார். அவர் அதைத் திரும்பப் பெற ஓடித்திரிய மாட்டார், விலையில் சேர்த்துவிடுவார். சரி, அதையும் கட்டுகிறேன்.

எழுத்தின் உயரத்தை மில்லிமீற்றரில் அளக்கிற ஒன்றியம், தன் அரசாங்கங்கள் சட்டத்தை மீறும்போது வருடக்கணக்கில் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறது?

எல்லை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சார்லாந்துக்காரருக்கு இது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை இல்லை. 1984 ஜூலையில் ஹெல்முட் கோலின் ஜேர்மன் அரசாங்கமும் பிரான்சுவா மித்தரானின் பிரெஞ்சு அரசாங்கமும் எல்லைச் சோதனையைப் படிப்படியாக எடுப்பதற்கு உடன்பாடு செய்துகொண்டது எங்கள் ஊர்ப் பெயரில்தான், சார்புரூக்கன் உடன்பாடு. அடுத்த வருடம் ஜூன் 14இல் மோசல் ஆற்றில் ஒரு படகில் வைத்து ஐந்து நாடுகள் தங்களுக்கு இடையே எல்லைச் சோதனையை எடுக்கும் சென்ஜன் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட சென்ஜன் கிராமம், எங்கள் மாநிலத்தின் பேர்ல் என்ற ஊருக்கு நேர் எதிர்க்கரை. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இப்போது பொலிஸ் வாகனம் நிற்கிறது.

பிரான்ஸ் 2015 நவம்பரில் சோதனையைத் தொடங்கியது, அதன் பிறகு விடாமல் நீட்டிக்கொண்டே வருகிறது. ஜேர்மனி 2015இல் ஆஸ்திரிய எல்லையில் தொடங்கி, 2024 செப்டம்பர் 16இல் இருந்து எல்லாத் தரை எல்லைக்கும் விரித்தது. ஆறு மாதம், பிறகு இன்னொரு ஆறு மாதம், பிறகு இன்னொன்று. இதற்கு நடுவில் உங்கள் சொந்த நீதிமன்றம் என்ன சொன்னது? ஸ்லோவேனியாவில் இருந்து ஆஸ்திரியாவுக்குள் வந்த ஒருவர் ஸ்பீல்பெல்ட் எல்லையில் பாஸ்போட் காட்ட மறுத்தார். 36 யூரோ தண்டம் போட்டார்கள். மனிதர் விடவில்லை. வழக்கு லக்சம்பேர்க் வரை போய், புதிதாக வேறொரு அச்சுறுத்தல் இருந்தால் ஒழிய ஆறு மாதத்துக்கு மேல் நீட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 26இல் தீர்ப்பு வந்தது. சாதாரண ஒரு ஆள், 36 யூரோவுக்காக, நீங்கள் செய்யவேண்டிய வேலையைச் செய்துமுடித்தார்.

அதன் பிறகாவது நீங்கள் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கவேண்டும். நடந்தது வேறு. 2024இல் எல்லை விதித்தொகுப்பையே திருத்தினீர்கள். இப்போது இரண்டு வருடம்வரை போகலாம், விசேட சூழ்நிலை என்றால் அதற்கு மேலும் போகலாம். சட்டத்தை மீறியவர்களைத் திருத்துவதற்குப் பதிலாகச் சட்டத்தை அவர்களுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தீர்கள். எள்ளுருண்டைக்காரன் ஒருவன் எனக்கு 0.7 மில்லிமீற்றர்தான் வசதி என்று வந்து நின்றால் விதியை மாற்றித் தருவீர்களா?

அந்தத் திருத்திய சட்டத்தில்கூட, ஒரு நாட்டின் சோதனை 12 மாதத்தைத் தாண்டினால் அது தேவைதானா, அளவோடுதான் இருக்கிறதா என்று ஆணையம் தன் கருத்தைச் சொல்லவேண்டும் என்றிருக்கிறது. எல்லைச் சோதனைக்காக ஒரு நாட்டின் மீதும் நீங்கள் வழக்குப் போடவில்லை. நீங்கள் பேசாமல் இருந்ததால் தனி ஆட்கள்தான் ஒவ்வொன்றாக நீதிமன்றம் ஏறுகிறார்கள். ஆஸ்திரியாவில் இருந்து ரயிலில் வந்தபோது சோதிக்கப்பட்ட ஒருவர் போட்ட வழக்கில், 2022இல் நடந்த அந்தச் சோதனை சட்டவிரோதம் என்று பவேரிய நிர்வாக மேல்நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னது. மூன்று சோமாலியர்களை எல்லையில் வைத்தே திருப்பி அனுப்பியது தவறு என்று பேர்லின் நிர்வாக நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது. அது அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் என்று உள்துறை அமைச்சர் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புவதைத் தொடர்ந்தார். ஜூலையில் போலந்தும் ஜேர்மன் எல்லையில் தன் பங்குக்குச் சோதனையைத் தொடங்கியது. ஒருவன் செய்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா?

இது எங்கள் வானுக்குள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விடிகாலை, கோல்டன பிரெம் எல்லை. வழியை ஒடுக்கியிருப்பார்கள், முன்னால் லொறிகள் வரிசையாக நிற்கும். பின்னால் ரிஜிபோம் பெட்டிகளில் வல்லாரை, ஐஸ் கரைந்து தண்ணீர் அடியில் தேங்கத் தொடங்கியிருக்கும். வல்லாரை ஒரு பொல்லாத சாமான், கொஞ்சம் வாடினாலும் எங்கட அம்மாமார் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வானை ஓட்டுவது என் அக்காவின் மகன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், ஜேர்மன் பாஸ்போட், எங்களைவிட சார்லாந்துப் பேச்சுப் பேசுவான். முன்னால் போகும் வானைக் கை காட்டி அனுப்புவார்கள். எங்கள் வானை ஓரம் கட்டச் சொல்வார்கள். திறந்து காட்டு, எங்கிருந்து வருகிறாய், இல்லை, உண்மையில் எங்கிருந்து வருகிறாய். அவன் இப்போது பொலிசார் கேட்பதற்கு முன்பே பாஸ்போட்டை எடுத்து டாஷ்போர்டில் வைத்துவிடுகிறான். பெட்டிக்குள் என்ன இலை என்று கேட்டால் விளக்குவதற்குப் பாரிஸில் எடுத்த பரிசோதனைத் தாளின் பிரதியும் வைத்திருக்கிறான். அங்கே ஏற்கனவே அரசாங்கம் பரிசோதித்து முத்திரை குத்திய சரக்கு.

நாங்கள் சோதனைச் சாவடிகளைப் பார்க்காதவர்கள் இல்லை. போர்க்கால இலங்கையில், ஓமந்தையில் பேருந்தை விட்டு இறங்கி, சாமானை விரித்துக் காட்டி, நடந்து போய் மறுபக்கம் ஏறியவர்களின் குடும்பங்கள் நாங்கள். இரண்டையும் ஒப்பிட வரவில்லை. அங்கே போனது உயிர், இங்கே போவது கறிவேப்பிலை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடுகள் என்று சட்டத்தின் பெயரிலேயே எழுதி மூன்று வருடத்துக்கு என்று வந்தது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களே அந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனார்கள். ஒரு அவசர ஏற்பாட்டை யாரும் தடுக்காவிட்டால் அது எப்படிக் குடியேறிவிடும் என்பதை உங்கள் ஆலோசகர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அகதிகளைத் தடுக்கத்தானே என்று சொல்வீர்கள். நான் 1985இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவன். அந்தக் காலத்தில் எங்களில் ஏராளமான பேர் வந்த வழி அது. ஒரு நாடு யாரை உள்ளே எடுப்பது என்று தீர்மானிக்க அதற்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிவைத்த சட்டத்துக்குள் செய்யவேண்டும் என்கிறேன். நீதிபதி முடியாது என்று சொன்ன பிறகும் செய்தால் அதற்கு வேறு பெயர்.

சந்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு உங்கள் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. தொண்ணூறுகளில் பிரெஞ்சு விவசாயிகள் ஸ்பானிய ஸ்ட்ரோபெரியும் தக்காளியும் ஏற்றிவந்த லொறிகளை மறித்துச் சரக்கைக் கொட்டி நாசம் செய்துகொண்டிருந்தார்கள், பிரெஞ்சு அரசாங்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ஆணையம் பிரான்ஸ் மீது வழக்குப் போட்டது. கொட்டியது அரசாங்கம் இல்லை என்றாலும் தடுக்காமல் இருந்ததே குற்றம் என்று 1997 டிசம்பர் 9இல் தீர்ப்பு வந்தது. பிரான்ஸ் என்றால் சும்மா நாடு இல்லை, ஒன்றியத்தைத் தோற்றுவித்த ஆறில் ஒன்று. அன்றைக்கு இருந்த தைரியம் இன்றைக்கு எங்கே போனது? 2004க்குப் பிறகு ஆணையம் நாடுகள் மீது வழக்குப் போடுவது வெகுவாகக் குறைந்துவிட்டதை ஆய்வாளர்களே கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அரசாங்கங்களோடு பேசித் தீர்ப்பதைத்தான் இப்போது விரும்புகிறீர்கள். என்னோடு யாரும் பேசித் தீர்க்கவில்லை, அளவுகோலோடுதான் வந்தார்கள்.

வெளிநாடுகளிடமும் நீங்கள் அளவுகோலோடுதான் போகிறீர்கள், அது எங்கள் ஊர்க்காரருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்று சொல்லி 2010 ஆகஸ்டில் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தினீர்கள். 2017 மேயில்தான் திருப்பிக் கொடுத்தீர்கள். 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கவைக்க அந்தச் சலுகையைப் பயன்படுத்துங்கள் என்று உங்களுக்குத் தீர்மானம் போட்டுச் சொன்னது. புலம்பெயர்ந்த தமிழர்களில் பலர் இதை வரவேற்றோம். சலுகை போனால் முதலில் அடி விழுவது கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் தைக்கிற பெண்களுக்கு என்பதும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது, அது இன்றும் உறுத்துகிற விஷயம்தான். என்றாலும் சந்தைக்குள் வரவேண்டும் என்றால் சட்டத்தின் ஆட்சி இருக்கவேண்டும் என்ற கொள்கை சரி என்று ஏற்றுக்கொண்டோம். 2013 ஜனவரியில் இலங்கையின் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டபோது, நீதித்துறையின் சுதந்திரம் குறித்து நீங்களும் கவலை தெரிவித்தீர்கள்.

இனி உங்கள் சொந்த வீட்டுக்குள் பாருங்கள். ஹங்கேரி மீது ஒன்றிய ஒப்பந்தத்தின் 7ஆம் உறுப்புரையின் கீழ் நாடாளுமன்றம் நடவடிக்கை தொடங்கியது 2018 செப்டம்பர் 12இல். சட்டத்தின் ஆட்சிக்குத் தெளிவான ஆபத்து இருக்கிறது என்று மட்டும் அறிவிக்க எல்லா நாடும் சம்மதிக்கவேண்டியதில்லை, ஐந்தில் நான்கு பங்கு போதும். விசாரணை வைத்தீர்கள், திரும்ப விசாரணை வைத்தீர்கள், வருடங்கள் ஓடின, அமைச்சர்கள் மன்றம் அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. காசை நிறுத்தலாம் என்று தனியாக ஒரு சட்டம் செய்து, அது 2021இல் நடைமுறைக்கு வந்து, அதையும் ஹங்கேரியும் போலந்தும் எதிர்த்து வழக்காடித் தோற்று, 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குப் போகவேண்டிய சுமார் 6.3 பில்லியன் யூரோவை நிறுத்தினீர்கள். நல்லது. சரியாக ஒரு வருடத்தில், உக்ரேனைச் சேர்ப்பதற்கான பேச்சு தொடங்குவதை ஹங்கேரி மறித்துக்கொண்டிருந்த 2023 டிசம்பரில், தலைவர்கள் கூடுவதற்கு முதல் நாள், வேறொரு கணக்கில் தடுத்து வைத்திருந்த நிதியில் சுமார் 10.2 பில்லியன் யூரோவை விடுவித்தீர்கள். நீதித்துறைச் சீர்திருத்தங்கள் நிறைவேறிவிட்டன என்பது நீங்கள் சொன்ன காரணம். அடுத்த நாள் தலைவர்கள் உக்ரேன் பற்றிய முடிவை எடுக்கும் நேரத்தில் ஹங்கேரியப் பிரதமர் அறையை விட்டு வெளியே போய் நின்றார். ஐரோப்பிய நாடாளுமன்றமே 2024 மார்ச்சில் இதற்காக உங்கள் மீது வழக்குப் போட முடிவெடுத்தது என்றால், கடைக்காரன் நான் என்ன நினைப்பேன்? கொழும்புக்கு ஒரு பாடம், புடாபெஸ்டுக்கு ஒரு பேரம். ஊருக்குத்தான் உபதேசம்.

உங்களால் முடியாது என்றால்கூடப் பரவாயில்லை. முடியும் என்பதைப் போலந்தில் காட்டியிருக்கிறீர்கள். நீதிபதிகளை ஒழுக்காற்று விசாரணையால் மிரட்டிய உச்ச நீதிமன்ற அவையை நிறுத்தச் சொல்லியும் கேட்காததற்கு 2021 அக்டோபரில் நாளுக்கு 10 லட்சம் யூரோ தண்டம் போடப்பட்டது. கட்டமாட்டேன் என்று நின்றபோது, அந்த நாட்டுக்குப் போகவேண்டிய நிதியில் இருந்து கழித்துக்கொண்டீர்கள். அது போதும், வேறு வித்தை ஒன்றும் வேண்டாம்.

நீதிபதி என்பவர் சந்தைக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. உங்கள் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலே நிற்கும் என்பதே 1964இல், மிலானில் ஒரு மனிதர் 1,925 லீரா மின்சாரக் கட்டணத்தைக் கட்ட மறுத்த வழக்கில் வந்த தீர்ப்பு. அந்தச் சின்னக் கேள்வியை லக்சம்பேர்க்குக்கு அனுப்பி வைக்க அங்கே சுதந்திரமான ஒரு உள்ளூர் நீதிபதி இருந்தார். நாளைக்கு நான் ஒரு ஹங்கேரிய ஆலையில் இருந்து மிளகாய்த்தூள் வாங்கி, அது பழுதாக வந்து, அங்கே வழக்காட வேண்டி வந்தால், என் முன் இருக்கும் நீதிபதி அரசாங்கத்துக்குப் பயந்தவரா இல்லையா என்பதில்தான் என் காசு இருக்கிறது. நீதிபதி பயந்தவர் என்றால் அந்தச் சந்தை எனக்கு மூடிய சந்தை.

ஒரு விஷயத்தில் உங்களைப் பாராட்டவும் வேண்டும். ஜூப்பிலர் பியரை ஒல்லாந்தில் மலிவாக விற்றுக்கொண்டு, அது பெல்ஜியத்துக்குள் வரக்கூடாது என்று டின்னில் இருந்த பிரெஞ்சு எழுத்துகளையே எடுத்துவிட்ட ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு 2019இல் 200 மில்லியன் யூரோ தண்டம் போட்டீர்கள். நாடு விட்டு நாடு சாக்லேட், பிஸ்கட், கோப்பி வாங்கி விற்பதை மறித்த மொண்டலேஸுக்கு 2024 மேயில் 337.5 மில்லியன். அதே தந்திரத்தை வேறொரு பெரிய கம்பனி எங்களிடம் இன்னும் செய்கிறது. பாரிஸில் மலிவு என்று அங்கே கேட்டால், நீங்கள் ஜேர்மனி, உங்கள் நாட்டு முகவரிடம் போங்கள் என்று பதில் வரும். முகவர் விலை சொன்னால் தலை சுற்றும். இப்படிப் பிரித்து விற்பதும் சந்தையின் பத்துப் பெரிய தடைகளில் ஒன்று என்று 2025 மேயில் நீங்களே அறிக்கையில் எழுதினீர்கள். சந்தையில் அளவுக்கு மிஞ்சிய பலம் உள்ள நிறுவனமாக இருந்தால் இப்போதைய போட்டிச் சட்டம் பாயும், அவ்வளவு பலம் இல்லாத கம்பனி தப்பிவிடும். அந்த ஓட்டையை அடைக்கவேண்டும்.

ஆகவே கேட்கிறேன்.

12 மாதம் தாண்டிய ஒவ்வொரு எல்லைச் சோதனை பற்றியும் உங்கள் கருத்தை எழுத்தில் வெளியிடுங்கள், ஜேர்மனியையும் பிரான்ஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது தேவையில்லை என்று நீங்களே கண்டால், பேசிக்கொண்டிருக்காமல் 258ஆம் உறுப்புரைப்படி நோட்டீஸ் அனுப்புங்கள், கேட்காவிட்டால் நீதிமன்றம் போங்கள். சோதனை நடக்கும் இடங்களில் யாரை, எதற்காக ஓரம் கட்டினார்கள் என்று ஒவ்வொரு நாடும் பதிவு வைத்து வருடாவருடம் வெளியிடவேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். என் மருமகனின் வான் ஏன் நிற்கிறது, முன்னால் போன வான் ஏன் நிற்பதில்லை என்பது அப்போது எல்லாருக்கும் தெரியவரும். ஒன்றியத்துக்குள் ஏற்கனவே பரிசோதித்துவிட்ட அழுகும் சரக்கை ஏற்றிவரும் வாகனங்களுக்குத் தனி வழி விடச் சொல்லுங்கள்.

அமைச்சர்கள் மன்றத்துக்கு: 7ஆம் உறுப்புரையின் கீழ் வரும் எந்த நடவடிக்கையையும் இத்தனை மாதத்துக்குள் வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று உங்கள் நடைமுறை விதியில் எழுதுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்பதைப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. நிறுத்திவைத்த நிதியை விடுவிக்கும்போது எந்த நிபந்தனை எப்போது எப்படி நிறைவேறியது என்ற ஆதாரத்தை ஆணையம் முன்கூட்டியே நாடாளுமன்றத்திடம் வைக்கவேண்டும், உச்சி மாநாடு நடக்கும் வாரத்தில் எந்த நிதியையும் விடுவிக்கக் கூடாது.

நாடு பார்த்து விற்க மறுப்பதைத் தடுக்கும் சட்டத்தைச் சின்னக் கடைகளுக்கும் பொருந்தும்படி கொண்டுவாருங்கள், பெரிய சில்லறைச் சங்கிலிக் கடைகளுக்கு மட்டும் என்று செய்துவிடாதீர்கள். ஒரு நாட்டில் பொதியிடல் கட்டணம் கட்டிய பைக்கு இன்னொரு நாட்டில் திரும்பக் கட்டாமல் இருக்க ஒரே பதிவு முறை ஒன்றைத் தாருங்கள். ஒவ்வாமைப் பொருட்களுக்கு 27 நாட்டுக்கும் பொதுவான படக் குறியீடுகள் வந்தால், எள்ளுக்கு ஒரு படம் போட்டுவிட்டு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் பாதியை விட்டுவிடலாம்.

இதே கேள்விகளை ஜேர்மன் மொழியில் தனியாக உங்களுக்கு அனுப்புகிறேன். பொதுவான நன்றிக் கடிதம் வேண்டாம். எல்லைச் சோதனை பற்றிய கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும்: வழக்குப் போடுவீர்களா, மாட்டீர்களா? மாட்டோம் என்றால் எந்தக் காரணத்தால் என்பதையும் எழுதுங்கள், அதை அச்சடித்துக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன். எழுத்து 1.2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

சார்புரூக்கனில் இருந்து
ஒரு தமிழ்க் கடைக்காரன்